அசையாத தண்ணீரில் எண்பது நிமிடம்

ஞாயிறு, முற்பகல்

மகளுக்கு,

போதுமான காலம் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன். ஒரு வருடம் ஏழு மாதமாக நீ அம்மாவிடம் பேசுகிறாய், அம்மா ஸ்பீக்கரில் போடுகிறாள், நான் பக்கத்து அறையில் பேப்பரை விரித்துப் பிடித்துக்கொண்டு கேட்கிறேன், நான் கேட்கிறேன் என்று தெரிந்தே நீ 'அவர் எப்படி இருக்கார்' என்கிறாய். அவர் இருக்கிறார். அம்மா நலம், மாடிப்படி ஏறும்போது மட்டும் முழங்காலைப் பிடித்துக்கொள்கிறாள். அங்கே நீ சுகமா என்று நான் கேட்டு எழுதுவதுதான் முறை, ஆனால் உன் இடது மணிக்கட்டில் மாவுக்கட்டு போட்டிருக்கிறது என்று தெரிந்த பிறகு அப்படிக் கேட்பது நாடகம். கட்டு எப்போது பிரிப்பார்கள் என்று மட்டும் எழுது. எனக்கு எழுத மனம் வராவிட்டால் அம்மாவுக்கு எழுது, எனக்கு எப்படியும் பக்கத்து அறை இருக்கிறது.

நீ விழுந்து பதினோரு நாள் கழித்துத்தான் எனக்குச் சொன்னார்கள். ஏன் என்று உன் அம்மாவைக் கேட்டேன். "சொன்னா உடனே 'நான் அப்பவே சொன்னேன்'னு ஆரம்பிப்பீங்க, அதான்" என்றாள். நியாயம்தான், நான் அப்போதே அதைத்தான் ஆரம்பித்திருந்தேன். பிறகு படத்தைக் காட்டினாள். சரிவான சாலை, ஓரத்தில் இரும்புத் தடுப்பு, முன்சக்கரம் வளைந்த சைக்கிள், பக்கத்தில் நீ கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. நெற்றியிலிருந்து இரண்டு கன்னத்திலும் வெள்ளை வெள்ளையாக வழிந்த கோடு. கண் இரண்டும் இரத்தமாகச் சிவந்து பாதி மூடியிருக்கிறது. இறக்கத்தில் வரும்போது வியர்வையோடு முகத்தில் பூசியிருந்த சன்ஸ்கிரீன் கண்ணுக்குள் இறங்கிவிட்டது, எதிரே ஒன்றும் தெரியவில்லை, பிரேக்கைப் பிடித்தது மட்டும் நினைவிருக்கிறது என்று நீ சொன்னதாக அம்மா சொன்னாள். தடுப்பு இல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

எந்த க்ரீம் என்று கேட்டேன். "சித்தப்பாகிட்டக் கேட்டுத்தான் வாங்கினா, பாவம்" என்றாள். எனக்கு எங்கே வலித்தது என்று உனக்குத் தெரிய வேண்டும், அதனால் எழுதுகிறேன். முகத்தில் பூசும் க்ரீம் தயாரிக்கிற தொழிற்சாலையின் பரிசோதனைக் கூடத்தில் இருபத்தாறு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். நீ சின்னவளாக இருந்தபோது என் சட்டையை முகர்ந்துவிட்டு இன்று எந்த வாசனை க்ரீம் போட்டார்கள் என்று சரியாகச் சொல்வாய். அப்படிப்பட்ட அப்பன் ஒருவன் வீட்டில் உயிரோடு இருக்கும்போது, கல்லூரியில் வேதியியலில் மூன்று முறை தோற்றுவிட்டு அழகுசாமான் கடை வைத்த என் தம்பியை நீ கேட்டிருக்கிறாய். என்னைக் கேட்டால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று உனக்கு ஒரு கணக்கு இருந்திருக்கும். நீ வேலை கிடைத்துக் கிளம்பின அன்று, சைக்கிளையும் பெட்டியோடு அனுப்புகிறாய் என்று பார்த்ததும், வெயிலில் சுற்றி மூஞ்சி கறுத்துப்போய் என் முன்னால் வந்து நிற்காதே என்றேன். நீ வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு "என் மூஞ்சி உங்க லேப் சாமான் இல்லப்பா" என்றாய். டாக்ஸிக்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார். அந்த ஒரு வரியை ஒரு வருடம் ஏழு மாதமாக மென்றுகொண்டிருக்கிறேன், இன்னும் விழுங்க முடியவில்லை.

மறுநாள் நேராகத் தம்பி கடைக்குப் போனேன். சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் என்றுதான் போனேன், பொய் சொல்லவில்லை. கடையில் இரண்டு பெண்கள் நகப்பூச்சு பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவர்கள் முன்னாலேயே கேட்டேன், என்னத்தைடா அனுப்பினே என் பெண்ணுக்கு என்று. அவன் எப்போதும்போல சிரித்துக்கொண்டு "வாண்ணா, உக்காருண்ணா, ரத்தக் கொதிப்பை இங்க வந்து ஏத்திக்காத" என்றான். பிறகு அலமாரியிலிருந்து ஒரு ட்யூபை எடுத்து முன்னால் வைத்தான். நீல மூடி. எங்கள் தொழிற்சாலை சரக்கு. 'கடும் வியர்வையையும் தாங்கும்' என்று குறுக்கே அச்சடித்திருக்கும், பார்த்திருப்பாய். ஆறு ட்யூப் அனுப்பினேன் என்றான். ஏன் இதை, கடையில் வேறு எதுவுமே இல்லையா என்று கத்தினேன். அப்போதுதான் அவன் சிரிப்பை நிறுத்தினான். மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்த ஒரு காகிதத்தை விரலால் தட்டினான். தொழிற்சாலை தன் கடைக்காரர்களுக்கெல்லாம் கொடுக்கிற சோதனைச் சான்றிதழின் நகல். அடியில் என் கையெழுத்து. "நான் எதுவும் சொல்லலண்ணா. வியர்த்தாலும் நிக்கிற மாதிரி ஒன்னு சொல்லுங்க சித்தப்பான்னு கேட்டா, நாலு தினுசு படம் எடுத்து அனுப்பினேன். இந்தக் காகிதத்தையும் சேர்த்து எடுத்துட்டேன் போல. பெரிசு பண்ணிப் பார்த்துட்டு, 'அப்பா கையெழுத்து இருக்கே, அப்ப இதே போதும்'னு சொன்னா. மத்த மூணையும் பார்க்கவே இல்ல" என்றான். நகப்பூச்சு பார்த்த பெண்கள் ஒன்றும் வாங்காமல் போய்விட்டார்கள். அங்கே கிடந்த முக்காலியை இழுத்து உட்கார்ந்தேன். அவன் தண்ணீர் கொடுத்தான், குடித்தேன். அவன் கையால் வாங்கிக் குடித்து ஒன்பது வருடம் இருக்கும்.

இனி எழுதப்போவதை உன் அம்மாவிடம் நேற்றுத்தான் சொன்னேன், சொந்தத்தில் வேறு யாருக்கும் தெரியாது. ஒரு க்ரீம் வியர்வையைத் தாங்குமா என்று நாங்கள் எப்படிப் பார்ப்போம் என்றால், பேக்கிங் பிரிவில் விருப்பப்பட்டு வருகிற இரண்டு மூன்று அக்காக்களின் முன்கையில் பூசி, விளக்கொளியில் அளந்து, கையைத் தொட்டித் தண்ணீரில் வைக்கச் சொல்வோம். இருபது நிமிடம் உள்ளே, பிறகு வெளியே எடுத்துத் துடைக்காமல் காயவைத்து, திரும்ப உள்ளே, இப்படி மொத்தம் எண்பது நிமிடம். பிறகு மறுபடி அளப்போம். இதில் முக்கியம் என்னவென்றால் தொட்டித் தண்ணீர் சும்மா இருக்கக் கூடாது, அடியில் ஒரு மோட்டார் அதைச் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சுழலுகிற தண்ணீர்தான் க்ரீமை இழுத்துப் பார்க்கும். எட்டு மாதத்துக்கு முன் அந்த மோட்டார் புகைந்து நின்றுபோனது. நீல மூடிக்குப் புதுக் கலவை வந்து சோதனைக்குக் காத்திருந்த சமயம். எங்கள் மேலாளரை உனக்குத் தெரியும், வீட்டில் நாம் தலையாட்டி என்போமே, அவன்தான். நான்தான் அவனுக்குக் கண்ணாடிக் குழாயைச் சாய்க்காமல் பிடிக்கக் கற்றுக்கொடுத்தேன், எட்டு வருடம் எல்லாக் கூட்டத்திலும் தலையை ஆட்டி ஆட்டியே எனக்கு மேலே போய் உட்கார்ந்தான். அவனிடம் போய் மோட்டார் வரும்வரை சோதனையை நிறுத்த வேண்டும் என்றேன். "கை தண்ணியில இருந்துச்சா இல்லையா சார்? இருந்துச்சு. அப்புறம் என்ன?" என்றான். நான் மேற்கொண்டு ஒரு வார்த்தை பேசவில்லை.

ஏன் பேசவில்லை என்பதுதான் விஷயம். பயம் என்று நினைக்காதே, பயந்திருந்தால்கூடக் கொஞ்சம் மரியாதையாக இருக்கும். சரி, ஒரு நாள் இது வெளியே வரும், அன்றைக்கு இவன் மாட்டுவான், அப்போது பார்த்துக்கொள்கிறேன் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன். அசையாத தண்ணீரில் எண்பது நிமிடம் கையை வைத்திருந்த பேக்கிங் அக்கா, "சார், குளம் மாதிரி சும்மா கெடக்கு, எனக்குத் தூக்கம் வருது" என்றாள். தூங்குங்க என்றேன். தூங்கினாள். க்ரீம் அப்படியே இருந்தது, இருக்காமல் என்ன செய்யும். படிவத்தில் 'சுழலும் நீரில் எண்பது நிமிடம், தேர்ச்சி' என்று முன்பே அச்சடித்திருக்கும், நான் அதை அடித்துத் திருத்தவில்லை. கீழே கையெழுத்துப் போட்டேன். எழுத்துகூடத் தடுமாறவில்லை, எப்போதையும்விட அழகாகப் போட்டேன் என்று நினைக்கிறேன். அவனுக்கு வைத்த பொறி அது. அதில் யார் முகம் போய் விழுந்தது என்று பார். உன் மூஞ்சி என் லேப் சாமான் இல்லை என்றாய், கடைசியில் நான் செய்யாமல் விட்ட சோதனை உன் முகத்தில்தான் நடந்தது.

சுழலும் தண்ணீரில் வைத்திருந்தால் அது தோற்றிருக்குமா என்று எனக்குத் தெரியாது, உலகத்தில் யாருக்குமே தெரியாது, பார்க்கவில்லை அல்லவா. எந்தச் சன்ஸ்கிரீனும் அதிகமாக வியர்த்தால் கொஞ்சம் ஓடும்தான். தொட்டியில் தண்ணீர் வெளியிலிருந்து வந்து மோதுகிறது, வியர்வையோ தோலுக்கு உள்ளிருந்து வந்து க்ரீமையே தூக்கிவிடுகிறது, இரண்டும் ஒன்றல்ல என்று இந்தத் தொழிலில் உள்ள எல்லோருக்கும் தெரியும். அதனால் நானே பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். போன சனிக்கிழமை பின்கட்டில் துருப்பிடித்துக் கிடந்த என் சைக்கிளைத் துடைத்து, காற்றடித்து, நீல மூடியை முகத்தில் அளவாகப் பூசிக்கொண்டு கிளம்பினேன். உன் அம்மா வாசலில் நின்று, "மூஞ்சிக்குச் சுண்ணாம்பு அடிச்சுக்கிட்டு இந்த வயசுல யாரைப் பார்க்கக் கிளம்பிட்டீங்க" என்றாள். தொழிற்பேட்டைச் சாலையில், மரமே இல்லாத அந்த நீளத்தில், போய்த் திரும்பிப் போய்த் திரும்பி மிதித்தேன். முப்பத்தைந்தாவது நிமிடம் புருவத்தைத் தாண்டி இறங்கியது. அந்த எரிச்சலை உனக்கு எழுத வேண்டியதில்லை. கண்ணைத் திறக்க முடியாமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பஞ்சர் கடை ஓரம் போய் நின்றேன். பஞ்சர் கடைக்காரர் ஒரு குவளைத் தண்ணீரைக் கையில் கொடுத்துவிட்டு, "என்ன சார், வீட்ல சண்டையா, இப்படி அழுதுகிட்டு வர்றீங்க" என்றார். ஆமாம் என்றேன். "பெரிய சண்டையோ" என்றார். அதற்கும் ஆமாம் என்றேன். சமதளச் சாலை, நான் போன வேகம் நடக்கிற வேகம். நீ இறக்கத்தில் வந்துகொண்டிருந்தாய்.

அதன் பிறகு ஒரு வாரமாக தினமும் வேலை முடிந்து வந்து, வெயில் இருக்கும்போதே ஒவ்வொரு தினுசாகப் பூசிக்கொண்டு மிதித்துப் பார்த்தேன். தெருவில் என்னை ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள், பார்க்கட்டும். என்னிடம் நீ கேட்டிருந்தால் நான் சொல்லியிருக்க வேண்டியதை இப்போது சொல்கிறேன். மேலே எஸ்.பி.எஃப். என்று போட்டிருக்கிற வெயில்தடுப்பு எண்ணைப் பார்த்து மயங்காதே, ஐம்பது போதும், அதற்கு மேல் போட்டிருப்பதெல்லாம் பெரும்பாலும் பெருமைக்கு. வாசனை போட்டதை எடுக்காதே, கண் எரிச்சலுக்கு அதுவும் ஒரு காரணம். எண்ணெய்ப் பசையுள்ள கெட்டி க்ரீம் வேண்டாம், பூசினதும் காய்ந்து ஒட்டிக்கொள்கிற மாதிரி இருக்க வேண்டும். முகம் முழுவதற்கும் ஒரே பொருள் என்பதே தவறு, இதை யாரும் சொல்ல மாட்டார்கள், இரண்டு விற்கத் தெரியாததால் ஒன்றை விற்கிறார்கள். கன்னம், மூக்கு, காது மடல், பின்கழுத்துக்கு லேசான ஒன்று. நெற்றிக்கும் கண்ணைச் சுற்றியும் ஜிங்க் கலந்த மெழுகுக் குச்சி, உதட்டுச் சாயம் மாதிரி தேய்த்துக்கொள்வது. அது வெள்ளையாகத் திட்டுத் திட்டாகத் தெரியும், அசிங்கமாகத்தான் இருக்கும், ஆனால் இடத்தை விட்டு அவ்வளவு நகராது, நகர்ந்தாலும் எனக்கு எரியவில்லை. புருவத்துக்கு மேலே மட்டும் ஒரு விரல் அகலம் எதுவுமே பூசாமல் விட்டுவிடு, அந்த இடத்தை ஹெல்மெட்டுக்கு அடியில் கட்டுகிற துணிப்பட்டை பார்த்துக்கொள்ளும், நெற்றி வியர்வையையும் அதுவே குடித்துவிடும். ஆட்காட்டி விரலிலும் நடுவிரலிலும் அடியிலிருந்து நுனிவரை க்ரீமைக் கோடாக இழுத்தால் எவ்வளவு வருமோ அவ்வளவு முகத்துக்கும் கழுத்துக்கும் வேண்டும், நீ பட்டாணி அளவு எடுத்துப் பூசுகிறவள், உன் அம்மாவின் வளர்ப்பு. வியர்க்க ஆரம்பித்த பிறகு பூசினால் நிற்காது, முகம் காய்ந்திருக்கும்போது பூசி இருபது நிமிடம் கழித்துக் கிளம்பு. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை இறங்கி, துணியால் ஒற்றி எடுத்துவிட்டு மறுபடி பூசு. ஒற்று, தேய்க்காதே. சட்டைக் கையால் இழுத்துத் துடைப்பாயே, அதை விடு, பாதி க்ரீம் கண்ணுக்குப் போவது அந்த வழியாகத்தான். ஒரு பாட்டிலில் வெறும் தண்ணீர் மட்டும் வைத்துக்கொள், சர்க்கரை கலந்ததை வைத்துக் கண்ணைக் கழுவ முடியாது. எரிய ஆரம்பித்தால் இறக்கம் முடியட்டும் என்று பார்க்காதே, அங்கேயே நிறுத்து. புதிதாக எதை வாங்கினாலும் முதலில் வீட்டில் பூசிக்கொண்டு, நீ இருக்கிற கட்டடத்தின் படியை வியர்த்து ஊற்றும்வரை ஏறி இறங்கிப் பார். கண்ணுக்குப் போனால் படிக்கட்டில் கைப்பிடியாவது இருக்கும்.

தம்பிக்கு இதில் பங்கில்லை என்று எழுதிவிடுகிறேன், எழுதக் கை வரவில்லை ஆனாலும். அவன் இப்போது தினமும் போன் செய்து உன் கையைப் பற்றிக் கேட்கிறான், அது எனக்கு எரிச்சலாகத்தான் இருக்கிறது. நீல மூடியை அலமாரியிலிருந்து எடுத்துவிட்டேன் என்கிறான், மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த காகிதத்தையும் எடுத்துவிட்டானா என்று நான் கேட்கவில்லை. தலையாட்டியை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே, அதற்கு இந்த ஜென்மத்தில் நேரமில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை தலைமை அலுவலகத்துக்கு எழுதிவிட்டேன். மோட்டார் நின்ற தேதி, சோதனை நடந்த தேதி, யார் என்ன சொன்னார்கள், யார் கையெழுத்துப் போட்டது, எல்லாம். அவன் சொன்னதை ஒரு வரியில் எழுதினேன், நான் செய்ததை ஒரு பக்கம் எழுதினேன். கடையில் இருப்பதைத் திரும்ப எடுக்க வேண்டும் என்றும் எழுதினேன். அதில் முழுப் பெயரும் பதவியும் போட்டுக் கையெழுத்திட்டிருக்கிறேன். அவன் மாட்டுவான். அவனுக்கு முன்னால் நான் மாட்டுவேன். நாளை என் மேசையைக் காலி செய்யச் சொன்னாலும் சொல்வார்கள். உன் அம்மா இதைக் கேட்டுவிட்டு, "இதை எட்டு மாசத்துக்கு முன்னாடியே எழுதியிருந்தா அவ கை நல்லா இருந்திருக்கும்" என்றாள். அவளும் மன்னிக்கிற ரகமில்லை. நீ யாரைக் கொண்டு பிறந்திருக்கிறாய் என்று ஆளாளுக்குச் சொல்வார்கள், எங்கள் இருவரையும்தான்.

கறுப்பு பற்றி நான் சொன்னது. அதை எப்படித் திரும்ப எடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை, படிவம் எதுவும் கிடையாது. நீ எந்த நிறத்தில் வந்து நின்றாலும் கதவு திறந்திருக்கும் என்று எழுதினால் சினிமா வசனம் மாதிரி இருக்கிறது, அடித்துவிடலாமா என்று பார்த்தேன், இருக்கட்டும். வெயிலில் தோல் வெந்து புண்ணாகக் கூடாது, கண் கெடக் கூடாது, அவ்வளவுதான் என் கவலை. சைக்கிளை விட்டுவிடு என்று நான் சொல்லப்போவதில்லை. முப்பத்தைந்து நிமிடம் மிதித்ததில் ஒன்று தெரிந்தது, கண் எரியும்வரை நன்றாகத்தான் இருந்தது.

இந்தப் பார்சலில் மெழுகுக் குச்சி இரண்டு, லேசான க்ரீம் ஒன்று, துணிப்பட்டை மூன்று வைத்திருக்கிறேன். எதுவும் எங்கள் தொழிற்சாலையுடையது அல்ல. உன்னிடம் மிச்சமிருக்கிற நீல மூடி ட்யூபுகளைக் குப்பையில் போடு, யாருக்கும் கொடுத்துவிடாதே. கட்டுப் பிரித்த பிறகும் டாக்டர் சொல்லும்வரை ஹேண்டிலைப் பிடிக்காதே. காது மடலை மறந்துவிடாதே, எல்லோரும் மறக்கிற இடம் அது. கை சீக்கிரம் கூடட்டும், பார்வை தெளிவாக இருக்கட்டும், நீ போகிற சாலை எல்லாம் உனக்குச் சரியாகத் தெரியட்டும், நன்றாக இரு.

உன் அம்மா தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "கீழ கையெழுத்துப் போடலையா" என்கிறாள். கையெழுத்துப் போடாமல் நான் ஒரு காகிதத்தையும் கையை விட்டுப் போகவிட்டதில்லை, உன் பள்ளி மதிப்பெண் அட்டையில்கூடக் கோட்டுக்கு வெளியே ஒரு சுழி போகாமல் போடுவேன். இதில் வேண்டாம் என்று தோன்றுகிறது. அடியில் அதைப் பார்த்தால் நீ மறுபடியும், அப்ப இதே போதும், என்று சொல்லிவிட்டுப் படியேறிப் பார்க்காமல் கிளம்பிவிடுவாய். குச்சியைத் தேய்த்துக்கொள், வியர்த்துப் பார், கண் எரிகிறதா என்று பார், அதற்குப் பிறகு நம்பு. கீழே இடத்தைக் காலியாகவே விட்டு ஒட்டுகிறேன்.